துப்பக் கூடாது என்றார் டாக்டர்

என் வாழ்க்கையில் நான் நடத்திய முதல் உண்ணாவிரதத்தை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று காலையில்தான் எனக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள். கெட்டியாக எதுவும் தின்னக் கூடாது, முடிந்தவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஆகவே நான் கோபத்தில் சாப்பிடாமலும் பேசாமலும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை எல்லோரும் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையின் லட்சணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

"ஒரு சத்தம் இல்ல, பாத்துக்கிடுங்க. இம்புட்டுப் பொறுமை இவளுக்கு உண்டும்னு எனக்கே தெரியாது."

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் அப்பாவுக்கு மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் வீடு. லாரியிலிருந்து வத்தல் மூட்டை இறக்குகிற நாளில் தெருவே தும்மும். எங்கள் மூக்குகள் பழகிப்போனவை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டே படியேறி வருவார்கள். வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்கு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. நானும் அத்தையும் தெருப்பக்கத்து அறையில் ஒரே கட்டிலில் படுப்போம்.

எனக்கும் அத்தைக்கும் ஒரே இடத்தில் தெத்துப்பல். மேல்வரிசையில், இடது பக்கம், பக்கத்துப் பல்லின் மேல் பாதி ஏறி, கூட்டத்தில் எட்டிப் பார்க்கிறவனைப் போல நிற்கும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போக அத்தை வந்தால் யாரென்று யாரும் கேட்க வேண்டியதில்லை. "நின்றெ பல்லு வந்நிட்டுண்டு", உன் பல் வந்திருக்கிறது என்று தோழிகள் ஓடி வந்து சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். தவிர, அது உபயோகமான பல். புளிப்பு மிட்டாய் உறையை அதில் மாட்டி ஓர் இழு இழுத்தால் கிழிந்துவிடும். வகுப்பில் பாதிப் பேருடைய உறைகளை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். அதற்குக் கூலியாகப் பாதி மிட்டாய்.

அந்தப் பல்லைத்தான் ஏமாற்றிப் பிடுங்கிவிட்டார்கள். "டாக்டர் சும்மா பாப்பாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி அம்மாவும் அத்தையும் என்னைக் கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா மலையாளி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்று கூடுதலாக இருக்கிறது என்றார். பிறகு, "இருந்நாலும் தோஷமில்ல, எடுத்தாலும் தோஷமில்ல" என்றார். இருந்தாலும் கெடுதல் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? நான் நாற்காலியிலிருந்து இறங்கப் போனேன். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை அசைத்தாள். அதற்குள் ஊசி வந்துவிட்டது.

நாங்கள் கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு பட்டியல் ஒப்பித்தார். பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஆகாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. முக்கியமாக, துப்பக் கூடாது. துப்பினால் குழியில் கட்டியிருக்கிற ரத்தம் பெயர்ந்துவிடும், பிறகு நிற்காது. இதை எனக்கு இரண்டு தரம் சொன்னார். என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பா கடையிலிருந்து ஏறி வந்தார். கையில் ஒரு டப்பா வெனிலா ஐஸ்கிரீம். வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எங்கள் வீட்டுப் படியேறாத பொருள் அது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் அதைக் கிளறிக்கொண்டே இருந்தார். அது உருகிப் பால் ஆனது. கடைசியில் அதை அவரே குடித்துவிட்டு, யாரிடமோ சொல்வது போல, "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்னு சொல்லுவாவ. என்னமோ போ" என்று எழுந்து போனார்.

அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அம்மாவின் மேல். தலையை அசைத்தவள் அவள்தானே? வெறும் மௌனத்தால் பயனில்லை என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டதால், நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழித்து என் கண்டனத்தை எழுதினேன். என் பல்லை என்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு, அதைத் திருப்பி வைக்கும்வரை நான் சாப்பிடமாட்டேன், பேசமாட்டேன், பள்ளிக்கூடம் போகமாட்டேன். பள்ளியில் மலையாளத்தில்தான் படித்தேன். எனவே கண்டனமும் மலையாளத்தில்தான் வந்தது. கையெழுத்தெல்லாம் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அம்மாவுக்கு மலையாளம் பேசத் தெரியும். படிக்கத் தெரியாது. காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அத்தையிடம் கொடுத்தாள். அத்தை எனக்காக இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அவள் அதை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள். நான்காக மடித்தாள்.

"தண்ணி வேணுமாம், மதினி" என்றாள்.

அம்மா போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கையை மட்டும் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு கத்தினேன். "மெதுவாக் குடி, மெதுவாக் குடி" என்றாள் அம்மா.

உண்ணாவிரதம் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறின கஞ்சியில் முடிந்தது. அத்தை கஞ்சியைக் கட்டில் அருகே வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் பார்க்காதபோது குடித்தால் அது தோல்வியாகாது என்று எனக்குத் தோன்றியது. அத்தைக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். வெறும் கிண்ணத்தை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனாள். மௌனத்தை மட்டும் நான் விடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிவாக்கில் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். நாகர்கோவிலில் அவருக்கும் வத்தல் வியாபாரம்தான். மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வருவார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அந்தச் சட்டை கசங்கி நான் பார்த்ததில்லை. அன்று கீழே மூட்டை இறங்கிக்கொண்டிருந்ததால், வத்தல் நெடி பழகிய அவரே ஏழெட்டுத் தும்மலோடு படியேறி வந்தார். பல் பிடுங்கிய பிள்ளையைப் பார்க்க வந்தவர் கையில் ஒரு பெரிய பொட்டலம் நேந்திரங்காய் வறுவல் இருந்தது. மாமா கெட்ட மனிதர் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். மற்றவர்களுக்கு நடக்கும் எதுவும் அவருக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு, அவ்வளவுதான்.

"எங்க மக்ளே, வாயத் தொற பாப்போம்" என்றார்.

நான் திறக்கவில்லை. அம்மா என் தாடையைப் பிடித்துத் திறந்து காட்டினாள், மாட்டுச் சந்தையில் காட்டுவது போல. நான் அப்போதும் ஓரத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமா குனிந்து பார்த்தார்.

"ஆங், இப்பம்லா மொகத்துக்கு ஒரு லட்சணம் வந்திருக்கு!"

அந்த நேரம் பார்த்து அத்தை காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். மாமா அவளைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கண் முதலில் போனது அவள் வாய்க்குத்தான்.

"இத அந்தக் காலத்துலயே இவளுக்கும் செஞ்சிருந்தா, இன்னிக்கி ரெண்டு பிள்ளைக்குத் தாயா எங்கயாவது குடும்பம் நடத்திட்டு இருப்பா. எத்தன பேரு வந்து பாத்துட்டுப் போனாவ! ஒத்தப் பல்லுல போச்சு சோலி."

அம்மா சிரித்தாள். தன் அண்ணன் எதைச் சொன்னாலும் சிரிப்பது அவளுக்கு வழக்கம். அப்பா கையிலிருந்த காப்பிக்குள் எதையோ தேடினார். அத்தை மாமாவின் முன்னால் தம்ளரை வைத்தாள்.

"சீனி போதுமா, பாருங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் என் பல்லை ஏன் எடுத்தார்கள் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அத்தையுடைய பல் குற்றவாளி. என்னுடையது அதன் கூட்டாளி. கட்டிலின் மேல் எழுந்து நின்றேன். ஒரு பகல், ஓர் இரவு காத்த மௌனத்தை உடைத்து, வாயில் பஞ்சும் வீங்கிய உதடுமாக, என்னால் முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னேன். 'அத்தை பல்லு நல்லாத்தான் இருக்கு' என்பதே நான் சொல்ல நினைத்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"அத்த பல்லு நல்லாத்தா இழுக்கு!"

மாமாவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டார். "கேட்டேளா? பிள்ளையே சொல்லுது, இழுக்குன்னு! குடும்பத்துக்கே இழுக்கு!"

நான் திரும்பச் சொன்னேன். திரும்பவும் இழுக்கு என்றுதான் வந்தது. மாமா இன்னும் சிரித்தார். மூன்றாம் முறையும் முயன்றேன். அப்பாவின் உதட்டோரத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டது. அத்தைக்கு ஆதரவாகத் திறந்த வாயே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அத்தை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பேச்சு உதவாது என்று ஆகிவிட்டது. வேறென்ன இருக்கிறது என்னிடம்?

துப்பக் கூடாது என்று டாக்டர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். துப்பினேன்.

பஞ்சும் ரத்தமும் எச்சிலும் சேர்ந்து மாமாவின் சட்டைமேல் போய் விழுந்தன. மாமாவின் சிரிப்பு நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. அம்மா பாய்ந்து வந்து என்னை அறைந்தாள். அந்த ஆத்திரத்திலும் பல் பிடுங்காத கன்னமாகப் பார்த்து அறைந்தாள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். "மன்னிப்புக் கேளு! மாமாகிட்ட மன்னிப்புக் கேளுட்டி!" என்று உலுக்கினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிய உதடுகளுக்கு நடுவிலிருந்து ரத்தம் வழிந்து தாடையில் இறங்கி, கட்டில் விரிப்பில் சொட்டியது. நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் முதலில் பயந்தவர் மாமாதான். தன் தோளில் கிடந்த துண்டை உருவி என் வாயில் வைத்தார்.

அத்தை என்னைத் தூக்கினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகிய மரப்படியில் எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. இறங்கினாள். வத்தல் மூட்டைகளுக்கு நடுவே நடந்து, தெருவில் நின்ற ஆட்டோவில் ஏறி, "கிள்ளிப்பாலம், வேகம் போணும் சேட்டா" என்றாள்.

வேகமாகப் போக முடியவில்லை. எங்கள் கடைக்கு வந்த லாரியே தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய் லாரிக்காரனோடு சண்டை பிடித்தார். அத்தை மடியில் நான் சாய்ந்திருந்தேன். அவள் ஒரு கையால் துண்டை என் வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல், கண்ணில் நீர் வழிய, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள்.

"பாக்கெட்டுக்குள்ளட்டி!" என்றாள். "அந்தப் பஞ்சு நேராப் போயி அவரு பாக்கெட்டுக்குள்ள விழுந்துது. நீ பாத்தியா? அவருக்கு அது இன்னும் தெரியாது."

என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. வாய் முழுக்க ரத்தத்தின் இரும்பு ருசி. ஆனாலும் நான் சிரித்தேன். அவள் உடனே துண்டை அழுத்தினாள். "சிரிக்காத, சிரிக்காத" என்றாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். லாரி இன்னும் நகரவில்லை. பிறகு வேறு குரலில் பேசினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கம்மையோட சண்ட போடாத. உம் பல்ல எடுக்கச் சொன்னது அவ இல்ல. நாந்தான். உங்கப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான் விடல்ல."

வாயில் துண்டு, என்னால் எதையும் கேட்க முடியாது. அவள் தொடர்ந்து சொன்னாள்.

"உன் வயசுல இருந்து நான் கேக்குத பேச்சு இது. பொண்ணு பாக்க வாறவன் கேட்டான். அவனுக அம்மைக கேட்டாவ. ஆபீஸுல கேட்டாவ. உன் காதுல இதெல்லாம் விழப்படாதுன்னு நெனச்சேன். பல்லு போனா பேச்சும் போயிரும்னு." துண்டை மடிப்பு மாற்றி என் வாயில் வைத்தாள். "போவாது போல. பல்லு இல்லேன்னா வேற எதையாச்சும் பிடிச்சுக்கிடுவாவ. எனக்கு இப்பம்தான் தெரியுது, பாத்துக்கோ. இத்தன வயசுக்கு அப்புறம்."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அன்று நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தையைத்தான்: 'நாந்தான்.' யாருக்காகத் துப்பினேனோ அவள்தான் என் பல்லைப் பிடுங்க வைத்தவள். என் கண்டனத்தைப் படித்துவிட்டு 'தண்ணி வேணுமாம்' என்றவளும் அவள்தான். நான் அவள் மடியிலிருந்து நகர்ந்து ஆட்டோவின் மறு ஓரத்துக்குப் போய், துண்டை நானே பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா, "துப்பருதெந்நு ஞான் பறஞ்ஞதல்லே மோளே?" என்று, துப்பக் கூடாதென்று தான் சொன்னதை நினைவூட்டிக்கொண்டே ஒரு தையல் போட்டார். நான் அழவில்லை. அத்தை என் கையைப் பிடிக்க வந்தபோது கையை உருவிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அத்தையோடு பேசுவதை நிறுத்தினேன். இந்த மௌனத்தை யாரும் டாக்டரின் கட்டளை என்று தவறாக நினைக்கவில்லை. மற்ற எல்லோரோடும் பேசினேன். வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினேன், அத்தை காதில் விழும்படி. தெருப்பக்கத்து அறையைவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போய்விட்டேன். தினமும் அத்தைதான் எனக்குத் தலைவாரிவிடுவாள். இப்போது அம்மாவிடம் போனேன். அம்மா வாரினால் கண்ணில் நீர் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அத்தை எனக்குப் பிடித்த மிட்டாய்களை மேஜைமேல் வைத்துவிட்டு அலுவலகம் போவாள். அவை அப்படியே கிடந்து எறும்பு மொய்க்கும். மாமா சில மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தனுப்பினாள். மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. அதில் எனக்கு இப்போதும் வருத்தம் கிடையாது. மற்றதில்தான்.

ஐந்தாறு வாரம் கழித்து அத்தைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தேவிகுளத்துக்கு. மூணாறுக்கும் மேலே, மலையில். அங்கே தேயிலைத் தோட்டத்து ஜனங்களெல்லாம் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த கிளார்க் வேண்டுமாம். வீடு ஆடிப்போயிற்று. திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தவர்கள் மலைக்குப் போவதா? மலையில் இருக்கிறவர்கள் இங்கே வரத்தானே தவம் கிடக்கிறார்கள்? யாரோ வேண்டாதவர்கள் செய்த வேலை என்றாள் அம்மா. தன் கூடப் பிறந்தவளுக்கு வந்தது போல உண்மையாகவே அழுதாள். அப்பா கடையை விட்டுவிட்டு யூனியன்காரர்களைத் தேடி அலைந்தார், உத்தரவை ரத்து செய்ய. அத்தை, "விடுங்கண்ணே, ரெண்டு வருஷந்தானே" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மாற்றல் அவளே எழுதிக் கேட்டு வாங்கியது. நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அப்பா இதை எனக்குச் சொன்னார். யூனியன்காரர் ஒருவர் அன்றே அவரிடம் விண்ணப்பத்தைக் காட்டியிருக்கிறார். அப்பா அதைப் படித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கிறார். தங்கையிடம் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லையாம். இரண்டு வருஷம் என்று போனவள் பதினேழு வருஷம் அங்கே இருந்தாள்.

ஆனால் அன்று எனக்கு வேறு கணக்கு. என் மௌனம் தாங்காமல்தான் அத்தை போகிறாள் என்று நினைத்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றும் நினைத்தேன். ஜெயித்தவளுக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

அவள் புறப்பட்ட காலை, தம்பானூரிலிருந்து ஆறரை மணிக்கு பஸ். அம்மா எனக்கு இரண்டு தரம் குரல் கொடுத்தாள். நான் விழித்துத்தான் இருந்தேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தேன். அப்பா பெட்டியைக் கீழே கொண்டுபோகும் சத்தம் கேட்டது. பிறகு பாயின் அருகில் அத்தை வந்து உட்கார்ந்தாள். பவுடர் வாசனையும் புதுச் சேலையின் மொடமொடப்பும். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். கீழே ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். அத்தை குனிந்து, போர்வைக்கு மேலே, என் காதருகில் சொன்னாள்.

"அங்க பயங்கரமாக் குளிருமாம்ட்டி."

உல்லாசப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல் அது. முப்பத்தைந்து வயதில் முதல்முறையாகத் தனியாக ஓர் ஊருக்குப் போகிறவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. பயந்துபோய்ச் சொல்கிறாள், நான் இரக்கப்பட்டு எழுந்திருப்பேன் என்று பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

நன்றாகக் குளிரட்டும் என்று நினைத்துக்கொண்டு, கண்களை இன்னும் இறுக்கி மூடினேன்.